மெர்ல் டாக்கெட் கலிபோர்னியாவுக்குப் போகாத கதை

மெர்ல் டாக்கெட்டைத் தங்கமான மனுஷன் என்று சொல்கிற யாரும் அவனோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை. நான் இருந்திருக்கிறேன், பதினெட்டு வருஷம். அவன் என் அக்கா ஓபலின் புருஷன்; நான் அவளுக்குத் தங்கை. எனக்குக் கண்ணாடி ஜாடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன்.

இந்தியானாவில் எங்கள் மன்சி ஊருக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை மெர்லுக்கு. ஒவ்வொரு வீட்டின் நிலவறையிலும் இறங்கி, மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு மேலே ஏறி வரவேண்டும். ஐந்து நிமிஷ வேலை. இவனுக்கு அரைமணி நேரம் ஆகும். அந்த வீட்டுக்காரியை நிற்க வைத்துக் கலிபோர்னியாவைப் பற்றிப் பேசுவான். அங்கே போன அவன் அண்ணன் க்ளீட்டஸ், ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் ஆரஞ்சுப் பழம் என்று ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தான். அது 1936-ல். அப்புறம் அந்த அண்ணனிடமிருந்து மூச்சே இல்லை. அதையெல்லாம் மெர்ல் கண்டுகொள்ளவில்லை. இருபது ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டம், நடுவில் வெள்ளை வீடு, வாசலில் தன் பேர் எழுதிய பலகை என்று முடிவு செய்துவிட்டான்.

"வர்ற வசந்தத்துல கிளம்பறோம்" என்பான். எந்த வசந்தம் என்று கேட்கக் கூடாது.

கிளம்பப் போகிற வீட்டுக்கு எதுவும் வாங்கக் கூடாது என்பது அவன் சட்டம். ஓபல் பன்னிரண்டு வருஷம் ஜன்னல்களில் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தாள். பின்பக்கம் ரோஜாச்செடி வைக்கிறேன் என்றதற்கு, "யாரு வந்து பார்க்கப் போறா, இங்க குடியேறப்போற எவனோ ஒருத்தன்தானே?" என்றான். அக்கா செடியைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாள். அக்கா மேலும் தப்பு இல்லாமல் இல்லை. கொஞ்சகாலம் அவளும் நம்பினாள். தோட்டத்து வீட்டில் சமையலறை கிழக்கே பார்த்து இருக்கவேண்டும் என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே பெண், நோலா. படிப்பில் கெட்டி. 1949-ல் எங்கள் ஊரிலேயே இருக்கிற ஆசிரியர் கல்லூரியில் சம்பளம் கட்டாமல் சேர இடம் கிடைத்தது. கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மெர்ல் கையால்கூடத் தொடவில்லை.

"பாதியில விட்டுட்டு வரப்போறியா? கலிபோர்னியாவுல இதைவிடப் பெரிய காலேஜெல்லாம் இருக்கு."

"எப்பப்பா போறோம்?"

"நீ சின்னப் பிள்ளையா இருந்ததுலேருந்து சொல்லிட்டுதானே இருக்கேன்?"

"அதனாலதான் கேக்கறேன்."

ஓபல் உருளைக்கிழங்கு மசியலை எல்லார் தட்டிலும் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அது எங்கள் இருவர் கணக்கிலும் எழுதவேண்டிய பாவம். நோலா தொலைபேசி நிலையத்தில் ஐந்து வருஷம் அடுத்தவர்கள் பேச்சை இணைத்துக்கொண்டிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள். எங்கே? கலிபோர்னியாவுக்கு. அப்பனுக்குப் பதினெட்டு வருஷமாகத் திறக்காத கதவு, அவளுக்கு ஒரு பஸ் டிக்கெட்டில் திறந்துகொண்டது.

மெர்ல் என்ன செய்தான் தெரியுமா? ஊர் முழுக்க, "இடம் பார்த்து வைக்கப் பொண்ணை அனுப்பியிருக்கேன்" என்று சொன்னான்.

இரண்டு வருஷம் கழித்து, அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் பச்சைக் கார் வந்து நின்றது. நோலாதான் ஓட்டி வந்தாள். கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ என்ற ஊரில் பள்ளி அலுவலகத்தில் வேலை, சின்ன வீடு, அதில் அப்பா அம்மாவுக்கு ஓர் அறை. அதோடு நிற்கவில்லை அந்தப் பெண். அப்பனுக்கு வேலையும் பேசி முடித்து, கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு வந்திருந்தாள். மெர்ல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். காது சிவந்தது.

"மீட்டர் பாக்கற வேலையா? கலிபோர்னியா போயுமா மீட்டர்?"

"நீங்க இருபத்திரண்டு வருஷமா பாக்கற வேலைதானேப்பா? சம்பளம் இதைவிட ஜாஸ்தி. அங்க நிலவறைகூட இல்ல, மீட்டர் எல்லாம் வெளியிலயே இருக்கு."

"நான் தோட்டம் போடப்போறவன். ஊரான் வீட்டுத் தண்ணியை அளக்கறதுக்கு அவ்வளவு தூரம் வரணுமா?"

"சரி, முதல்ல வாங்க. தோட்டம் அப்புறம் பாக்கலாம்."

உடனே காரணங்கள் கொட்டின. முழங்கால் வலி. ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருஷம். குளிர் வரப்போகிறது, மலைப்பாதையில் பனி இருக்கும். கார் டயர் தேய்ந்திருக்கிறது. டயரைப் பார்க்க எழுந்து ஜன்னலுக்குக்கூடப் போகவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னான்! நோலா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில், "பயமா இருக்காப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கா? பயமா? நீ யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா?" என்று மேசையைக் குத்தினான். குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது.

ஓபல் எழுந்தாள். குழம்பைத் துடைத்தாள். துணியைப் பிழிந்து காயப் போட்டாள். உள்ளே போய்க் கோட்டும் தொப்பியும் போட்டு, கைப்பையோடு வந்தாள்.

"லியோட்டா, அடுப்புல ஆப்பிள் பை இருக்கு. இன்னும் இருபது நிமிஷம் வேகணும். மறந்துடாதே" என்றாள் என்னிடம்.

"எங்க கிளம்பிட்டே?" என்றான் மெர்ல்.

"கலிபோர்னியாவுக்கு."

அவன் சிரித்தான். பக்கத்துத் தெருவரை போய்த் திரும்புவாள் என்று நினைத்தான் போல. கார் கிளம்பி, மூலை திரும்பி, சத்தம் ஓய்ந்தது. நான் வாசலிலிருந்து உள்ளே வந்தேன். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் போய்விட்டாள். அவன் தலையை நிமிர்த்தி என்னிடம் கேட்டது இதுதான்:

"பை வெந்துடுச்சா?"

அந்த வாரமே நான் வேறு அறை பார்த்துக்கொண்டேன்.

அவன் மட்டும் அசரவில்லை. "ஓபல் வீட்டை ஒழுங்குபடுத்த முன்னாடி போயிருக்கா" என்று நிலவறை நிலவறையாகச் சொன்னான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

1960-ல் ஓய்வு பெற்றான். ஓபல் அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த காசில் அவனுக்கு ரயில் டிக்கெட் அனுப்பினாள். ஏன் அனுப்பினாள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நானாக இருந்தால் ஒரு தபால்தலைகூட அனுப்பியிருக்க மாட்டேன். அந்த டிக்கெட்டை அவன் முடிதிருத்தும் கடையில், சர்ச்சில், தபால் நிலையத்தில் என்று எல்லாருக்கும் காட்டினான். அழுக்குப் படாமல் இருக்க உறை வேறு. புறப்படுகிற நாளன்று அவனை நிலையத்துக்குக் கூட்டிப்போக டாக்சியில் போனேன். உள்பனியனோடு உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்தான்.

"காய்ச்சல் அடிக்குது, லியோட்டா."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என் கையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

"காய்ச்சல் இல்ல மெர்ல், கோழைத்தனம். அதுக்கு மாத்திரை கிடையாது" என்றேன்.

"ஆட்டம் எட்டாவது இன்னிங்ஸ். கொஞ்சம் சும்மா இரேன்."

டாக்சிக்காரனை அனுப்பிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பிப்ரவரியில் செத்தான். பனி அள்ளும்போது மாரடைப்பு. ஓபலுக்குத் தந்தி கொடுத்தேன். அவள் வரவில்லை. "அங்கேயே அடக்கம் பண்ணிடு, அவருக்கு அந்த ஊர்தான் பிடிக்கும்" என்று பதில் வந்தது.

சவ அடக்கத்தில் பாதிரியார், பெரிய கனவோடு வாழ்ந்த மனிதர் என்று உருகினார். மெர்ல் மீட்டர் பார்த்த வீட்டுப் பெண்களெல்லாம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாசம் ஒரு தடவை அரைமணி நேரம் கேட்டவர்களுக்கு அது அழகான கனவுதான்! நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் முடிந்தது என்று அக்காவுக்கு எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. அடக்கச் செலவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று ஒரு வரி. மீதி ஒன்றரைப் பக்கம், நோலாவின் குழந்தைக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்திருப்பதைப் பற்றி.