மிஸ் எஸ்தர் திரும்பப் பெறச் சொன்ன பட்டியல்

போன மாதம் குவீன்ஸ்டவுன் மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்கப் போனபோது என் ஞாபகசக்தியைச் சோதித்தார்கள். பேத்தி வயதில் ஒரு பெண், படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். காண்டாமிருகத்தின் பெயர் வரவில்லை. அசடு வழிந்தேன். அவள் தாளில் ஏதோ குறித்துக்கொண்டபோது எனக்கு ஸ்டென்சில் மையின் வாசனை வந்தது பாருங்கள், அது மட்டும் கூப்பிடாமலே வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கல்லூரியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வேகம் அதிகம், பிழை அதைவிட அதிகம். நகலெடுப்பதற்கான ஸ்டென்சில் தாளில் பிழையை மறைக்கும் திரவம் நகப்பூச்சு மாதிரி மணக்கும். எங்கள் அறை எப்போதும் கல்யாணப் பெண்ணின் அறைபோல மணந்ததற்கு நான்தான் காரணம். எனக்கு எதிர்மேசை மிஸ் எஸ்தருடையது. லண்டனில் உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். துறையில் இருந்த ஒரே பெண் விரிவுரையாளர். ஆண்களுக்குத் தனியறை, "டாக்டர்" என்ற மரியாதை. இவருக்கு என் அறையில் பாதி, பெயருக்கு முன்னால் "மிஸ்". சிராங்கூன் ரோட்டுத் தமிழர்கள் மட்டும் டாக்டரம்மா என்பார்கள். கூடவே காய்ச்சலுக்கு மருந்தும் கேட்பார்கள்.

பள்ளிப் பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கும் வேலை துறைக்கு வந்தது. சோதனைப் படங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்தன. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கேள்வியைத் தமிழில் சொல்ல மிஸ் என்னைத் துணைக்கு அழைத்துப்போனார். ஒருநாள் பிள்ளைகள் அதிகமாகி, பாதிப்பேரை என்னிடமே விட்டுவிட்டார். அவர்களில் ஒருத்தி பார்வதி. கெர்பாவ் ரோட்டுப் பால்காரரின் மகள், எட்டு வயது. சுவருக்குள் கட்டிய குளிர்காயும் அடுப்பின் படம். இதில் என்ன குறைகிறது என்பது கேள்வி. "மாடத்துல விளக்கு இல்ல" என்றாள். விடைப் புத்தகத்தில் நெருப்பு என்றிருந்தது. சைபர் போட்டேன். அப்படி இன்னும் பல சைபர்கள்.

மந்தபுத்தி என்ற தலைப்பில் பன்னிரண்டு பெயர்களை நானே தட்டச்சு செய்தேன். துறைத் தலைவரான வெள்ளைக்காரரின் கையெழுத்தோடு பட்டியல் பள்ளிகளுக்குப் போனது.

இரண்டு மாதம் கழித்து, கட்டுரை ஒன்றுக்காக மிஸ் பழைய விடைத்தாள்களைப் புரட்டினார். பார்வதியின் சைபரில் விரல் வைத்தார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா மிஸ்."

"அவ பார்த்ததத்தான சொல்லியிருக்கா."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நான் இருந்திருந்தாலும் புத்தகத்தப் பார்த்து சைபர்தான் போட்டிருப்பேன்" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

பட்டியலைத் திரும்பப் பெறச் சொல்லித் தலைவரிடம் போனார். சோதனையில் குறையில்லை, இரக்கம் பெண்களின் கண்ணை மறைத்துவிடும் என்று அவர் சொன்னது கதவுக்கு இப்பால் எனக்குக் கேட்டது.

அன்று மாலை இருவரும் கெர்பாவ் ரோட்டுக்குப் போனோம். கொட்டகையில் பார்வதி சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"மூள பத்தாதுன்னு ஸ்கூல்ல லெட்டர் குடுத்து நிறுத்திட்டாங்க. எழுதினது நீங்கதானே?" என்று மிஸ்ஸிடம் கேட்டார் அவள் அப்பா.

"நான்தான். தப்பா எழுதிட்டேன்" என்றார் மிஸ்.

"அது முத்திர குத்தின பேப்பர் லா. இப்ப நீங்க வாயால சொன்னா யாரு கேப்பாங்க?"

பார்வதி மாட்டுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, கல்லூரித் தாளில், அந்தப் பன்னிரண்டு பேருக்கும், மந்தபுத்தி என்றது தவறு என்று அவரவர் பள்ளிக்கு ஆளுக்கொரு கடிதம் அடிக்கச் சொன்னார் மிஸ். அனுமதி வாங்கியாச்சா என்றேன். "கேட்டா கிடைக்காது" என்றார். முத்திரை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. டாக்டர் எஸ்தர் என்று அவர் கையெழுத்திட்டு அன்றுதான் பார்த்தேன்.

பார்வதியையும் வேறு நான்கு பேரையும் ஒரு வகுப்பு இறக்கித் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற ஏழு பேரைப் பற்றிச் சேதியே இல்லை. கல்லூரித் தவணை முடிந்ததும் மிஸ்ஸின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஈப்போவில் ஒரு மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுப்பதாக ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. நான் பதில் எழுதவில்லை.

கெர்பாவ் ரோட்டில் இன்று மாடுமில்லை, கொட்டகையுமில்லை. கல்லூரிக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். பள்ளிகளில் விசாரித்தேன், பழைய கடிதங்களை எப்போதோ கொளுத்திவிட்டார்களாம். சோதனை பற்றித் துறை வெளியிட்ட அறிக்கை மட்டும் ஒரு நூலகத்தில், கெட்டி அட்டைபோட்டு, பன்னிரண்டு பெயர்களோடும் பத்திரமாக இருக்கிறது. மிஸ்ஸின் கடிதங்களுக்குக் கார்பன் நகல்கள் என்னிடம் இருந்தன. யார் அடித்தது என்று தலைவர் கேட்டபோது, தெரியாது சார் என்றேன். அன்று மத்தியானமே அவற்றைக் கிழித்துக் கழிவறையில் போட்டு, எல்லாம் போகும்வரை தண்ணீர் ஊற்றினேன்.