ஆறுமுகசாமி பூட்டி வைத்த ஆய்வுக்கூடம்

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் சாலையோரம், மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கரிசல் காட்டில், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி எழும்பியது. அதில் மெக்கானிக்கல் துறை விரிவுரையாளராகச் சேர்ந்தவர் ஆறுமுகசாமி. நிறுவனரின் மனைவி வழியில் சொந்தம். அதைத் தவிர அவரிடம் வேறு தகுதி இருந்ததாக யாரும் கண்டதில்லை. வகுப்பில் புத்தகத்தை அப்படியே வாசிப்பார். யாராவது சந்தேகம் கேட்டால், "அது பரீட்சைக்கு வராதுல, உக்காரு" என்பார்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு கல்லூரிக்கு ஆராய்ச்சி மைய அங்கீகாரம் வாங்கும் ஆசை வந்தது. புதுக் கட்டடத்தில் 'நுண்ணறிவு உற்பத்தி மற்றும் உருவகப்படுத்தல் மையம்' என்று பித்தளைப் பலகை மாட்டினார்கள். உள்ளே, கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பைக் கடையும் சி.என்.சி. மிஷின், அதற்குத் துண்டை எடுத்துக் கொடுக்க ஒரு ரோபோ கை, ஒரு தொழிற்சாலை எப்படி ஓடும் என்பதைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் கம்ப்யூட்டர்கள். பொறுப்பு ஆறுமுகசாமிக்கு. பயிற்சிக்காக அவரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அவர் மருதமலை ஏறினார், ஊட்டி பார்த்தார், சான்றிதழோடு திரும்பினார்.

வந்ததும் மையத்தைப் பூட்டினார்.

காரணம் கேட்டவர்களிடம் கரிசல் தூசியைச் சொன்னார். உண்மை வேறு. அந்த மிஷின்களை எப்படி ஓட்டுவது என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. மாணவர்கள் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, முந்தைய வருடத்து ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினார்கள். மிஷினுக்காகப் போட்ட ஏ.சி.யில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுமுகசாமி தூங்கினார். மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்று மற்ற ஸ்விட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டுத் தூங்கினார்.

இறுதியாண்டில் மாரிசெல்வி என்று ஒரு பெண். புதூர்ப் பக்கம், ஆடு வளர்க்கும் குடும்பம். 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று ஊரில் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை எந்த இடத்தில் தேங்குகிறது என்று கண்டுபிடிப்பதை ப்ராஜெக்டாக எடுத்திருந்தாள்.

"சார், அந்த சிமுலேஷன் கம்ப்யூட்டர் வேணும். டப்பா எங்கன தேங்குதுன்னு ஓட்டிப் பாக்கணும்."

"அதெல்லாம் ரிசர்ச் பண்ணுதவியளுக்கு. நீ சார்ட்டுல வரைஞ்சு கொண்டா, போதும்."

"இங்கன யாரு சார் ரிசர்ச் பண்ணுதா?"

ஆறுமுகசாமியின் முகம் கறுத்தது. "ஆடு மேய்க்கிற வீட்டுல இருந்து வந்துட்டு என்ன வாய் பேசுதட்டி?"

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள், "எங்க அய்யா ஆட்டைப் பட்டியில பூட்டிப் போட்டுட்டுப் படுத்துத் தூங்க மாட்டாவ சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றே அவளுடைய இன்டர்னல் மார்க்கைக் குறைத்துத் தன் வீரத்தைக் காட்டினார் அவர்.

அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்க ஆய்வுக் குழு வரும் தேதி குறித்தாயிற்று. முந்தின நாள் சி.என்.சி. மிஷினைப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்ததே தவிர எதுவும் அசையவில்லை. அவசரமாக வந்த கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"உள்ள ஒரு பேட்டரி இருக்கு சார். கரண்ட் இல்லாதப்போ மிஷினோட செட்டிங்ஸ் எல்லாத்தையும் அதுதான் காப்பாத்தும். நீங்க மிஷினை ஆன் பண்ணவே இல்ல. பேட்டரி செத்துடுச்சு. மிஷினுக்கு இப்போ எதுவுமே ஞாபகம் இல்ல. பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"பீரோவுல இருக்கும்" என்றார் ஆறுமுகசாமி. அவர் எதை நினைத்துச் சொன்னார் என்பது அவருக்கே வெளிச்சம். இன்ஜினியர், மிஷினில் இன்னும் உரிக்காமல் இருந்த பிளாஸ்டிக் தாளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையை மூடினார்.

மறுநாள் ரோபோ கைக்குச் சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். விற்ற கம்பெனி கொடுத்த விளம்பர சி.டி. கம்ப்யூட்டரில் ஓடியது. அதைத்தான் சிமுலேஷன் என்று காட்டினார் ஆறுமுகசாமி. குழுவில் வந்த பேராசிரியர் ஒருவர், வரவேற்பில் நின்ற மாரிசெல்வியிடம் கேட்டார்: "நீங்கள்லாம் இதுல வேலை செஞ்சிருக்கீங்களாம்மா?"

"தொட்டதே இல்ல சார்."

கல்லூரி முதல்வர் சத்தமாகச் சிரித்தார், நகைச்சுவையைக் கேட்டதுபோல. பேராசிரியரும் சேர்ந்து சிரித்தார். பிறகு எல்லோரும் கடம்பூர் போளி சாப்பிடப் போனார்கள். அங்கீகாரம் கிடைத்தது.

மாரிசெல்வி பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த சின்ன மென்பொருளில் தன் ப்ராஜெக்டை முடித்தாள். படிப்பு முடிந்ததும் ஓசூரில் வேலை. முதல் வாரமே ரோபோவின் கன்ட்ரோலைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக் கேட்டு ஓட்டினாள். பழகிவிட்டாள். ஆறுமுகசாமி, நுண்ணறிவு உற்பத்தியில் டாக்டர் பட்டம் வாங்கி வைஸ் பிரின்சிபால் ஆனார்.

சில வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். ஆறுமுகசாமி முகமெல்லாம் பல்லாக மனைவியைக் கூப்பிட்டார்.

"நம்ம பிள்ளைதான். நம்ம மையத்துல படிச்சு இன்னைக்கு ரோபோவெல்லாம் ஓட்டுது."

மாரிசெல்வி அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டாள். "இல்லம்மா. சார் என்னைய அந்த ரூமுக்குள்ள விட்டதே இல்ல. அவியளுக்கு அந்த மிஷின ஓட்டத் தெரியாது."

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். அவரோ கொஞ்சமும் சளைக்கவில்லை.

"பாத்தியா, எப்பவும் விளையாட்டுதான் இந்தப் பிள்ளைக்கு" என்று சொல்லிக்கொண்டே பந்தியில் இடம் பிடிக்க விரைந்தார்.