பின்சக்கரங்கள்

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலையோரம் அண்ணனும் நானும் கார் ஷெட் வைத்திருந்தோம். கழற்றி மாட்டுவது அவன். லேப்டாப்பை இணைத்து எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்று அமைப்பது நான். வந்த வேலைகள் போக, எங்களுக்கென்று ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தேற்றிக்கொண்டிருந்தோம். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவை மாட்டியபின் அதைக் கிளப்பினால் ஷெட்டின் தகரம் அதிரும். அண்ணன் சிரிப்பான். வேறெதற்கும் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதை ஒரு கார் பந்தயத்தில் ஓட்டுவதாக இருந்தோம். அதற்கு முன் ஓட்டிப் பார்க்க, விழுப்புரத்துக்கு அப்பால் தனியார் ஓடுதளம் ஒன்றில் அனுமதி வாங்கினோம். முதல் ஓட்டத்தில் கார் நகரவே இல்லை. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகையைக் கக்கின.

"இன்னாம்மா இது, இம்மாம் பவர் வச்சும் தரையைப் பிடிக்க மாட்டேங்குதே?" என்றான்.

முதல் இரண்டு கியர்களுக்கு டர்போ அழுத்தத்தைக் குறைத்தேன். அவன் பின்டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினான். அடுத்த முறை டயர் தரையைக் கவ்வியது. கார் கோடு போட்டதுபோல் போனது. திரும்பி வந்தவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் தூறல் விழுந்தது. தண்ணீர் வெளியேறப் பள்ளங்களே இல்லாத வழவழப்பான டயர்கள் அவை. காய்ந்த தரைக்கு மட்டுமே ஆகும்.

"தரை காயட்டும்ண்ணா. நாளைக்கு வரலாம்."

"இந்தத் தூறலுக்குப் போய் பயந்துக்கினு கீற. ஒரே ரவுண்டு, ஜல்தியா வந்துட்றேன்."

மூன்றாவது கியருக்கு மாறியது கேட்டது. உடனே எஞ்சின் வீறிட்டது. சக்கரம் பிடிப்பை விட்டால் வரும் சத்தம். காரின் பின்பக்கம் முன்னால் வந்தது. ஓரத்து மண்மேட்டில் மோதிக் கவிழ்ந்தது.

ஓடினேன். சீட் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். நினைவு இருந்தது.

"கால் எங்க இருக்குதுன்னே தெரியலம்மா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, முதுகுத்தண்டு போய்விட்டது என்றார். அண்ணனின் கட்டிலுக்குத் திரும்பிப் போனேன். என் முகத்தைப் பார்த்து அவனே கேட்டான்.

"இனிமே நடக்க மாட்டேன், அதான?"

ஷெட்டை இப்போது நான் மட்டும் நடத்துகிறேன். மாலையில் வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்தே படுத்திருப்பான். ஒருநாள், பழுதுக்கு வந்த வண்டி ஒன்றைப் பற்றி ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"கார் பேச்சு வேணாம்மா," என்றான்.

அதை விட்டால் எங்களுக்குள் பேச வேறொன்றும் இருந்ததே இல்லை. தினமும் அவன் கால்களுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன். நான் எப்போது தேய்த்து முடித்தேன் என்பதும் அவனுக்குத் தெரிவதில்லை.