பந்தும் வரும், ஆளும் வருவான்

பிடித்தால் இடி, விட்டால் திட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரு சம்பளம். அமெரிக்கன் ஃபுட்பாலில் ரிசீவர் வேலை என்பது இவ்வளவுதான்.

வளைகுடாவில் டியூட்டி பார்க்கும் என் சக துயரவாசிகளே, உங்கள் சூப்பர்வைசர் உங்களைப் பார்த்துக் கத்துவார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நூற்றுப்பத்துக் கிலோ உடம்போடு ஓடிவந்து மேலே விழமாட்டார். என் தொழிலில் அதற்கென்றே எதிரணியில் ஆள் வைத்திருக்கிறார்கள். ஒருவன் பந்தை எறிவான். நான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். போகிற வழியில் என்னை யார் வேண்டுமானாலும் சாய்க்கலாம், அது விதிப்படி சரி. குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து ஏசி டெக்னீஷியனாக விமானம் ஏறிய செல்வின் என்கிற நான் இந்த வம்பில் மாட்டிய கதையைக் கேளுங்கள்.

சிக்ஸர் போன கதை

வீடு அஜ்மானில், டியூட்டி ஜெபல் அலியில் ஒரு கிடங்கில். ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குப் பக்கத்துப் பொட்டலில் கிரிக்கெட். எங்கள் கேப்டன் முருகேசன் கிரேன் ஆபரேட்டர், புதுக்கோட்டைக்காரர். நான் ஓடிப் பிடிப்பேன் என்பதால் என்னை எப்போதும் எல்லைக்கோட்டில்தான் நிறுத்துவார். அதற்கு அந்தப் பக்கம் வேலி போட்ட மைதானத்தில் தோளில் பலகை கட்டியதுபோல் சிலர் முட்டிமோதிக்கொண்டிருப்பார்கள். என்ன விளையாட்டு என்று எங்களுக்குத் தெரியாது. சண்டை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தோம்.

ஒருநாள் எதிரணி பேட்ஸ்மேன் தூக்கி அடித்தான். நான் அண்ணாந்து பார்த்தால் வானத்தில் இரண்டு பந்து! ஒன்று எங்களுடையது. இன்னொன்று வேலியைத் தாண்டிச் சுழன்று வருகிற, இருபக்கமும் கூர்த்த பழுப்புப் பந்து. எது அழகாக வந்ததோ அதன் பின்னால் கால் போய்விட்டது. பாய்ந்து, விழுந்து, மண்ணைத் தொட ஒரு விரற்கடையே பாக்கி இருக்கும்போது பிடித்தேன். வேலிக்கு அப்பாலிருந்து கைதட்டலும் விசிலும். எங்கள் பந்து என் தலைக்கு மேலே சிக்ஸர் போய்விட்டது. வெள்ளைத் தாடி வைத்த ஓர் அமெரிக்கர் வேலி ஏறிக் குதித்து என்னை நோக்கி ஓடி வந்தார். அவர்தான் பிறகு என் கோச் ஆன ரஸ்ஸல். அவருக்கு முன்னால் முருகேசன் வந்து சேர்ந்தார்.

"டேய், மேட்ச் நம்ம மேட்ச்சுடா! அவன் முட்டையப் பிடிச்சுக் குடுத்தா நமக்கு ஆம்லெட்டா போட்டுத் தரப்போறான்?"

முதல் இடி

ரஸ்ஸல் கூப்பிட்டபடி அடுத்த வாரமே வேலிக்கு அந்தப் பக்கம் போனேன். தோள்கவசத்தை முன்பின் மாற்றி மாட்டிக்கொண்டு நின்றவனைக் கரீம் திருப்பிவிட்டான். பந்து எறிகிறவன் அவன்தான். எகிப்துக்காரன், கனடாவில் வளர்ந்தவன், துபாயில் கட்டட வரைபடம் போடுகிறவன். "பந்தை மட்டும் பார், வேறு எதையும் பார்க்காதே" என்றான். சொன்னபடியே பார்த்தேன். பிடித்தேன். உடனே உலகம் பக்கவாட்டில் சாய்ந்தது. கண் திறந்தபோது புல் காதுக்குள் இருந்தது, பந்து கையில் இருந்தது.

தலையில் அடிபட்டிருக்குமோ என்று பயந்து கோச் என் பெயரைக் கேட்டார். நான் பெயரை விட்டுவிட்டு என் கிடங்கு ஐ.டி. நம்பரை ஒரு எண் பிசகாமல் ஒப்பித்தேன். பத்து வருடம் கேட்டில் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்! எல்லாரும் சிரித்தார்கள். எனக்கோ உடம்பெல்லாம் பட்டாசு வெடிக்கிற மாதிரி ஓர் ஆனந்தம். இன்னொரு தடவை எறியச் சொல்லி நானே போய் வரிசையில் நின்றேன். கரீம் கோச்சிடம் சொன்னான்:

"இடி வாங்கியவன் ஓடிப்போகாமல் வரிசையில் வந்து நிற்கிறான் என்றால், அவனை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்."

தோளுக்கு ஒரு சீட்டு

தோள்கவசம் எந்தப் பைக்குள்ளும் அடங்காது. அதனால் பயிற்சி நாளில் அஜ்மான் பஸ்ஸில் அதை மாட்டிக்கொண்டே ஏறுவேன். இரண்டு சீட்டு எனக்கே வேண்டும். நெரிசலில் கதவருகே நான் திரும்ப, நாலு பேர் சேர்ந்து திரும்பினார்கள். பின்னால் நின்ற பாகிஸ்தான் பட்டாணியப் பெரியவர் இந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"அரே பாய், ஆள் பஸ்ஸுக்குள்ள வந்தாச்சு, தோள் இன்னும் ரோட்டுலயே நிக்குதே!"

ரூட் படித்த வீடு

ரிசீவர் இஷ்டத்துக்கு ஓடக்கூடாது. எத்தனை அடி நேராக, எங்கே திரும்ப, எந்த மூலைக்கு என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வழி உண்டு. அதற்கு ரூட் என்று பெயர். கோச் ஒரு தடித்த புத்தகம் தந்தார். முதல் வாரம் எல்லாவற்றையும் மாற்றி ஓடினேன். நான் இடப்பக்கம் போனால் பந்து வலப்பக்கம் போனது. ஒரு முறை மைதான ஓரத்தில் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர் அதைப் பிடித்தார். இன்னும் பத்து நாளில் படிக்காவிட்டால் அணியில் இடமில்லை என்று கோச் சொல்லிவிட்டார்.

என் மனைவி ஜெனிபா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிகளின் சீட்டைப் பார்த்து மருந்து பிசகாமல் கொடுக்கிறவள். புத்தகத்தைப் பிடுங்கி, ஒவ்வொரு ரூட்டையும் வெள்ளை அட்டையில் வரைந்து, ஃப்ரிட்ஜிலிருந்து பாத்ரூம் கதவு வரை ஒட்டினாள். அவள் அடுப்படியில் நின்று பெயரைச் சொல்வாள், நான் ஹாலில் சோபாவைச் சுற்றித் திரும்ப வேண்டும். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து புகார் சொல்ல, அவர் கையிலும் ஓர் அட்டையைக் கொடுத்து எதிரணி ஆளாக நிறுத்திவிட்டாள். பத்தாம் நாள் முப்பத்திரண்டு ரூட்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஓடிக் காட்டினேன். அணியில் பெயர் வந்தது. சந்தோஷத்தில் குதித்தபடி வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து ஜெனிபா கேட்டாள்:

"முப்பத்திரண்டு ரூட்டும் மனப்பாடம், செரி. அதுல ஒரு ரூட்டாவது குபூஸ் ரொட்டிக் கடை வழியாப் போவுமா?"

டெலிவரி

முதல் ஆட்டம். விளக்கு வெளிச்சம், ஒலிபெருக்கியில் என் பெயர், கால் தரையில் நிற்கவில்லை. முதல் பந்தை விட்டேன். இரண்டாவது என் மார்பில் பட்டுத் தெறித்தது. கரீம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனி இவன் எனக்கு எறியவே மாட்டான் என்று நினைத்தேன். எறிந்தான்! நடுவானில் விளக்குக்குள் மறைந்து, மறுபடி தோன்றி, என் விரல் நுனிக்கு வந்து உட்கார்ந்தது அந்தப் பந்து. ஓடினேன். பின்னால் செருப்புக்கடை சரிந்த மாதிரி காலடிச் சத்தம். ஒருவன் என் சட்டையைப் பிடித்தான், சட்டை நீண்டது, நான் நிற்கவில்லை. கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டேன்!

அந்த நேரத்தில் எல்லாரும் ஆடுவார்கள், பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பார்கள். எனக்கு அது தெரியாது. கிடங்கில் உடையும் பொருளை வைக்கிற மாதிரி, இரண்டு கையாலும் பந்தை நடுவரிடம் பத்திரமாக ஒப்படைத்துவிட்டு அவர் எதிரே நின்றேன். கோச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நகரு செல்வின், நகரு! பொருள் கிடைத்தது என்று அவர் கையெழுத்தெல்லாம் போடமாட்டார்."

விசா தட்டச்சு

இரண்டாவது வருடம் அணியை நடத்துகிற கம்பெனி முழுநேர ஒப்பந்தம் தருவதாகச் சொன்னது. கிடங்கு வேலையை விட வேண்டும், விசாவை மாற்ற வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். ஏசி ரிப்பேர் எண்பது வயது வரை செய்யலாம், இதில் முட்டி போனால் கலாஸ், எல்லாம் முடிந்தது! ஊருக்குப் போன் போட்டால் திட்டுவார்கள் என்று போடவில்லை. ஜெனிபாதான், "என் டியூட்டி இருக்குல்லா, ரெண்டு வருசம் ஓடிப் பாருங்க, உங்க மொகத்துல இப்படி ஒரு வெளிச்சத்த நான் கலியாணத்தன்னிக்கிகூடப் பாக்கல" என்றாள். அதில் பாராட்டு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

விசா படிவம் அடித்துத் தருகிற தட்டச்சு நிலையத்தில் மலையாளி எழுத்தர் என்ன பணி என்று கேட்டார். அமெரிக்கன் ஃபுட்பால் என்றேன். நீ அமெரிக்கனா? இல்லை. காலால் உதைப்பாயா? இல்லை, கையால் பிடிப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சேட்டா, அமெரிக்கனும் அல்ல, ஃபுட்டும் அல்ல. பின்னே ஞான் இதில் எந்து டைப் செய்யட்டே?"

மங்காஃப் பட்டாளம்

குவைத்தில் ஓர் ஆட்டம். ஜெனிபாவின் சித்தப்பா அங்கே மங்காஃபில் இருக்கிறார், படகு என்ஜின் மெக்கானிக். மருமகன் வருகிறான் என்று கேள்விப்பட்டு, அக்கம்பக்கத்து ஃபிளாட்களைக் காலி செய்து, முப்பது பேரை வேனில் ஏற்றி, ஒரு மேளம், இரண்டு தூக்கு வாளி உளுந்துவடை சகிதம் வந்து இறங்கிவிட்டார். விதி ஒன்றும் தெரியாது. நான் விழுந்தாலும் மேளம், எழுந்தாலும் மேளம். எதிரணிக்காரர்கள் தங்கள் ரகசிய ஆட்டத் திட்டத்தை ஒருவருக்கொருவர் காதில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குழப்பத்திலேயே நான் ஐந்து பந்து பிடித்தேன்!

ஆனால் ஆர்வக்கோளாறில் இரண்டு தப்பும் செய்தேன். ஒரு முறை ஆட்டம் தொடங்கும் சைகைக்கு முன்பே ஓடிவிட்டேன், ஒரு முறை என்னைத் தடுக்க நின்ற எதிரணிக் காவல்காரனின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். தப்பு நடந்தால் நடுவர் மஞ்சள் துணியை எடுத்து வீசுவார், அணிக்குத் தண்டனை. இரண்டு தடவையும் துணி என் காலடியில் விழுந்தது. நான் தலைகுனிந்து நிற்க, கூட்டத்தில் மேளம் உச்சத்துக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும் சித்தப்பா கண் கலங்க என்னைக் கட்டிப்பிடித்தார்.

"மருமவனே, அந்த நடுவரு ஒனக்கு ரெண்டு மட்டம் மஞ்சப் பொன்னாடை போட்டாரே, அவருக்கு எங்க எல்லாருடைய நன்றியையும் சொல்லிரு!"

எலும்பு

அரையிறுதிக்கு மூன்று வாரம் முன்பு பயிற்சியில் தோளின் மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. கழுத்தெலும்பு. வலது கையைக் கழுத்திலிருந்து தூளி போலத் தொங்கவிட்டுக் கட்டிவிட்டார்கள். ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. கம்பெனியிலிருந்து பூங்கொத்து வந்தது, புது ஒப்பந்தம் பற்றிப் பேச்சே வரவில்லை. நான் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மக்களே, உடம்பு சரியில்லாமல் ரூமில் தனியாகக் கிடந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

நாலாம் நாள் கரீம் வந்தான். துபாயிலிருந்து அஜ்மானுக்கு அந்த டிராஃபிக்கில்! உருண்டையாகச் சுருட்டிய காலுறைகளை எடுத்துக் கட்டிலைப் பார்த்து எறிய ஆரம்பித்தான். முகத்தில் பட்டது, மூக்கில் பட்டது, ஆறாவதை எரிச்சலோடு இடது கையால் பிடித்தேன். அதற்குப்பின் வாரத்துக்கு நாலு நாள் வந்தான். ஜெனிபா தோளுக்கு வைத்தியம் பார்க்க, அவன் காலுறை எறிய, நான் சிரிக்கக்கூடாது, சிரித்தால் எலும்பு வலிக்கும். முதல் நாள் கிளம்பும்போது அவன் சொன்னது இதுதான்:

"வலது கைதான் லீவில் இருக்கிறது; நீ லீவில் இல்லை."

பந்து வராத ஓட்டம்

நான் இல்லாமலே அரையிறுதியை ஜெயித்தார்கள். மழையில் மைதானம் மூழ்கி இறுதியாட்டம் ஒன்றரை மாதம் தள்ளிப்போக, எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் அனுமதி தந்துவிட்டார். கோச் என்னைக் கடைசி நிமிடம் வரை பெஞ்சில்தான் வைத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு வீச்சுக்கு நேரம் இருக்கிறது, நாங்கள் நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. என்னைக் கூப்பிட்டார். "பந்து உனக்கு வராது" என்றார். "வரும் என்று அவர்கள் நம்ப வேண்டும். உன்னால் அது முடியுமா?"

வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. வலது மூலைக்கு, முழு வேகத்தில், தலையைத் திருப்பி, இரண்டு கையையும் விரித்து, வராத பந்துக்காக ஓடினேன். இரண்டு காவல்காரர்கள் என்னோடு வந்தார்கள். மூன்றாவது ஆளும் நடுவிலிருந்து திரும்பினான். இல்லாத பந்தைப் பிடிக்க நான் தாவினேன், இரண்டு பேரும் என் மேல் தாவினார்கள். கீழே கிடந்தபோதுதான் அந்தப் பக்கம் இரைச்சல் எழுந்தது. கடைசிக் கோட்டுக்கு அப்பால், இடது மூலையில் எங்கள் அணியின் பிலிப்பைன்ஸ் பையன் தன்னந்தனியாக நின்று, பந்தை நெஞ்சோடு அணைத்திருந்தான். கோப்பை எங்களுக்கு! மறுநாள் எனக்குப் புது ஒப்பந்தமும் வந்தது. ஆனால் அந்த நிமிடம் என் மேல் கிடந்த காவல்காரன், மூச்சு வாங்க என் வெறும் கைகளைப் பார்த்துச் சொன்னதைத்தான் நான் பெரிய விருதாக நினைக்கிறேன்.

"பந்து இந்தப் பக்கம் வரவில்லை என்று என் கண்ணுக்குத் தெரிந்தது, உன் முகத்தைப் பார்த்து என் கண்ணையே நான் நம்பவில்லை."

ஆக மக்களே, இந்தத் தொழிலில் எவன் இடிக்க வருகிறான் என்று திரும்பிப் பார்க்கிறவன் பந்தை விடுவான், பார்க்காதவன் பல்லை விடுவான், நான் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டிருக்கிறேன்.