இந்துமதி ஓட்டை போட்ட பனியன்கள்

எங்கள் கம்பெனிக்கு மனநல ஆலோசகர் ஒருவர் வரப்போகிறார் என்றதும் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். வீரபாண்டியில் இருக்கும் அந்த பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மனிதர்களிடமும் எனக்குக் குறைதான் முதலில் கண்ணில் படும். வேலாத்தாள் கண்ணுக்குத் தப்பாது என்று பெருமையாகவும் சொல்வார்கள், எரிச்சலாகவும் சொல்வார்கள்.

ஆலோசகர் வேண்டும் என்று கேட்டது எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர். பையர் கேட்டால் எங்கள் முதலாளி மொட்டை மாடியில் நீச்சல் குளம்கூடக் கட்டுவார். ஆகவே இந்துமதி வந்தாள்.

அவள் கொமரலிங்கத்துக்காரி. அப்பாவுக்கு ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் தென்னையும். அவள் கோயமுத்தூரில் உளவியல் படித்தாள். படித்து முடித்ததும் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். பொண்ணு பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறவளாம் என்று தெரிந்ததும் முதலில் வந்த வீட்டார் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். அடுத்து வந்தவரோ, தனக்குத் தூக்கமே சரியாக வருவதில்லை, அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று அவளிடமே கேட்டாராம். அவரைத்தான் கட்டிக்கொண்டாள். இப்போது அவர் விடும் குறட்டையில் அவளுக்குத் தூக்கம் போச்சு என்று சொல்லி, யாரும் சிரிப்பதற்கு முன்னால் அவளே சிரித்துவிடுவாள்.

கம்பெனியில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அது ஹெச்.ஆர். ஆபீசுக்கு நேர் எதிரே. எங்கள் ஆட்களை அந்தப் பக்கம் கூப்பிட்டால் கணக்கு முடித்து அனுப்பப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். பிறகு எந்தப் பொண்ணு அங்கே போய் மனசைத் திறக்கும்? இந்துமதி முறுக்கைக் கடித்துக்கொண்டு ஃபேனுக்கு அடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கொடுத்து வைத்தவள் என்று நானும் ஊரெல்லாம் சொன்னேன்.

ஒருநாள் மத்தியானம் என்னிடம் வந்து, பிசிறு வெட்டும் மேஜையில் தானும் உட்காரலாமா என்று கேட்டாள். தைத்து வந்த பனியனில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டுகிற இடம் அது. உடம்பு முடியாதவர்கள், புதிதாக வந்தவர்கள், தையல் லைனில் சண்டை போட்டவர்கள் எல்லோரையும் அங்கேதான் உட்கார வைப்போம். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கண் துணியில் இருக்கும். மிஷின் இரைச்சலில் பேசுவது பக்கத்து ஆளைத் தாண்டிப் போகாது. இத்தனை வருஷம் அந்த மேஜையைக் கட்டி மேய்த்த எனக்கு இது தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றிவிட்டது. பொண்ணுங்க பேச ஆரம்பித்தார்கள்.

ஆனால் அவளுக்குப் பிசிறு வெட்டத் தெரியாது. நூலை வெட்டச் சொன்னால் துணியை வெட்டினாள். முதல் வாரமே ஓட்டை விழுந்த பனியன்களைப் பார்த்து எனக்குத் தலைக்கேறிவிட்டது. கரும்பு வெட்டிய கையா இது என்று கேட்டேன். மன்னிச்சுக்கோங்க்கா என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெட்டினாள். பிறகுதான் கவனித்தேன். பொண்ணுங்க ஊர்க்கதையும் சினிமாவும் பேசும்போது அவள் கத்தரி ஒழுங்காகத்தான் ஓடும். யாராவது குரலைத் தாழ்த்திக் கனமான விஷயம் சொல்லும்போது முகம் மாறாது, "சொல்லு கண்ணு" என்பாள், கத்தரி மட்டும் துணிக்குள் இறங்கிவிடும்.

மேனேஜர் மகுடேஸ்வரன் காதுக்கு இது போயிற்று. அவளை அறைக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பாத்ரூமில் போய் அழுதுவிட்டுக் கண் வீங்கி வருகிற பொண்ணுங்க இப்போது குறைந்திருந்தார்கள், அதுவும் என் கண்ணுக்குத் தப்பவில்லை. காதர்பேட்டைக் கடைகளுக்கு மலிவாகக் கழித்துப் போட வைத்திருந்த டேமேஜ் பீஸ் மூட்டையை இழுத்து வந்து அவள் முன்னால் போட்டேன். இதில் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள் என்றேன். அதற்குமேல் மகுடேஸ்வரனாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜோதிகாவை என் மேஜைக்கு அனுப்பினார்கள். சிவகங்கைப் பக்கத்துப் பொண்ணு, வயசு பத்தொன்பது. துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கோபம் வந்தால் மட்டும் கையில் இருப்பது பறக்கும். ஒருதரம் துணிக்கட்டு, ஒருதரம் டிபன் மூடி, கடைசியாக நூல் கோன். அது லைன் சூப்பர்வைசர் சிவராஜின் காதை உரசிக்கொண்டு போயிற்று. இன்னொரு தடவை நடந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் அவள் அப்பா ராக்கையாவுக்குப் போன் போட்டார். தாராளமாக அனுப்புங்கள், இங்கே மாப்பிள்ளை தயாராக இருக்கிறான் என்றாராம் அவர். ஜோதிகா தபால் வழியில் பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போனால் படிப்பும் போயிற்று, சம்பாத்தியமும் போயிற்று.

கோபம் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று இந்துமதி மேஜையில் இருந்த எல்லோரையும் கேட்டாள். ஒருத்தி வயிற்றில் என்றாள், ஒருத்தி பல்லில் என்றாள். எனக்குத் தொடங்குவதே இல்லை, எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது என்றேன். ஜோதிகாகூடச் சிரித்துவிட்டாள். தனக்குக் காதில் என்று மெதுவாகச் சொன்னாள், முதலில் காது சுடுமாம்.

"காது சுடறப்பவே கண்டுபிடிச்சுட்டா, கை போறதுக்குள்ள கொஞ்சம் நேரம் கிடைக்கும் கண்ணு," என்றாள் இந்துமதி. "கோவப்படாதேன்னு நான் சொல்லலை. அந்த நேரத்துல உனக்கு என்ன வேணும்னு வாயில கேளு."

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் கிடையாது. கோபத்தை விழுங்கு என்பார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டு என்பார்கள். நான் நம்பவில்லை. ஆனாலும் சிவராஜ் திட்டினால் எப்படிக் கேட்பது என்று அவர்கள் ஒத்திகை பார்த்தபோது வேடிக்கை பார்த்தேன். இந்துமதி சிவராஜ் மாதிரி திட்டிக் காட்ட வேண்டும். ஏனுங்க கண்ணு, தையல் கொஞ்சம் வளைஞ்ச மாதிரி இருக்குதுங்களே என்று திட்டினாள். மேஜையே உருண்டு சிரித்தது. பிறகு அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள், நான் மனப்பூர்வமாகச் செய்தேன். ஜோதிகா மட்டும், அவர் இப்படித் திட்ட மாட்டார், வேற மாதிரி திட்டுவார் என்றாள். எப்படி என்று சொல்லவில்லை.

மறுநாள் அவள் இந்துமதியிடம் வெகுநேரம் பேசினாள். இந்துமதியின் கையிலிருந்த பனியன் கீழ் மடிப்பிலிருந்து கைவரைக்கும் கிழிந்திருந்தது. அப்படி என்னதான் சொன்னாள் என்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன்.

"அவ சொன்னது அவளுதுங்க்கா. நான் எடுத்துக் குடுக்க முடியாதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. பொறுப்பில் இருக்கிறவளுக்கே சொல்ல மாட்டாளா என்று கொஞ்ச நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். முறுக்கு கொடுத்தாள், அதையும் வாங்கவில்லை.

ஆர்டர் நெருக்கியதால் ஜோதிகாவை மறுபடி லைனில் போட்டார்கள். ஷிப்மென்ட் அன்றைக்கு வாசலில் கன்டெய்னர் நின்றது, எல்லோருக்கும் கால் தரையில் இல்லை. ஜோதிகா தைத்த பீஸ் ஒன்றில் பக்கவாட்டுத் தையல் கோணலாக ஓடியிருந்தது. சிவராஜ் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதத்தான் உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

அவள் காது சிவந்தது நான் நின்ற இடத்துக்குத் தெரிந்தது. கைக்குப் பக்கத்தில் நூல் கோன். எனக்கு ஓடிப்போய் அதை எடுத்துவிடலாமா என்றிருந்தது. இந்துமதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் பயம்தான், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஜோதிகா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"அண்ணே, எனக்கு ரொம்பக் கோவமா வருது. தப்பா தச்சிருந்தா பீஸைக் காட்டுங்க, பிரிச்சுத் தச்சுத் தர்றேன். எங்கம்மா செத்துப்போச்சுண்ணே. எனக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்காமப் போயிருச்சு. அதை ஏண்ணே ஒவ்வொருவாட்டியும் இழுக்குறீங்க?"

பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லை என்பது இந்துமதியைத் தவிர எங்கள் யாருக்கும் தெரியாது. சத்தம் நின்றதைக் கேட்டு மகுடேஸ்வரன் ஓடி வந்தார். மறுபடியும் கலாட்டாவா, அவள் அப்பனுக்குப் போன் போடட்டுமா என்று சிவராஜைக் கேட்டார்.

சிவராஜ் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அவ கத்தியிருந்தா அனுப்பிச்சிருக்கலாமுங்க," என்றார். "இப்படிக் கேட்டா நான் பதில் சொல்லோணுமுங்களே."

மகுடேஸ்வரன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிவராஜ் ஜோதிகா பக்கம் இரண்டு எட்டு வைத்தார், நின்றார், நேராக எங்கள் மேஜைக்கு வந்தார். அவளிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று இந்துமதியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மொதல்ல கையில இருக்கற பீஸைக் கீழ வெச்சுட்டுப் போங்ணா," என்றாள் அவள்.

வைத்துவிட்டு ஜோதிகாவிடம் போனார்.