பேஸ்மென்றில் இருந்த இடியன் துவக்கு

தொண்ணூறுகளில் மில்லிக்கனில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் ஒருவர் வாடகைக்கு இருந்தார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, ஒட்ட வெட்டிய நகங்கள். அவர் மான் வேட்டைக்குப் போகிறவர் என்பதும், குழல் வாயால் வெடிமருந்து போட்டு இடிக்கும் இடியன் துவக்கு ஒன்று கீழே இருக்கிறது என்பதும் ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. ஊரில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன் நான். அவரை வீட்டை விட்டுப் போகச் சொல்லத்தான் அன்று படியிறங்கினேன்.

மேசை நிறைய, குறிவைத்துச் சுட்டுத் துளை விழுந்த தாள்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் குண்டின் வகையையும் மருந்தின் அளவையும் பென்சிலால் எழுதியிருந்தார்.

"உதென்ன, சோதினைப் பேப்பரோ?" என்றேன்.

"ஓம் அண்ணை. எழுதினது துவக்கு, திருத்திறது நான்."

ஒரு தாளில் மூன்று துளைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்னொன்றில் சிதறிக் கிடந்தன.

"இதுக்கு மருந்து காணாதோ?"

"இல்லை அண்ணை, கூடிப்போச்சு. குண்டு வேகமாப் போகும், ஆனா எங்க போகுமெண்டு சொல்லேலாது. ஒருக்காச் சுட்டா, திரும்ப மருந்து இடிக்க நேரமில்லை. மான் காயத்தோட ஓடினா அது என்ர பிழை."

துவக்கு வைத்திருந்த ஒருவர் தன் பிழை என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே மேலே வந்தேன். ஆனாலும் பயம் போகவில்லை. அடுத்த நாளே பேஸ்மென்ற் கதவுக்கு எங்கள் பக்கமாகப் போட ஒரு பூட்டு வாங்கினேன். எனக்கு அதைப் பொருத்தத் தெரியவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் பொருத்தி, திறப்பை என் கையில் தந்தவரும் அவர்தான்.