கத்தத் தெரியாத போன்

எங்கள் பக்கத்தில் மோட்டார் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால், "மோட்டார் போடுதேன்!" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் விலகிக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் போனிலேயே மோட்டார் போடும் கருவியை வாங்கி மாட்டினார். அன்றோடு அந்தச் சத்தம் நின்றுபோனது.

ஒருநாள் வன்னியம்பட்டித் தோட்டத்தில், பம்புசெட் அறையில் பெல்ட்டுக்கு அடியில் கிடந்த சருகுகளை அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து, சிநேகிதர்களுக்கு அந்தப் போன் வித்தையைக் காட்டியிருக்கிறார். திடீரென்று பெல்ட் சுற்றி என் முந்தானையை இழுத்தது. கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சேலை கிழிந்ததால் பிழைத்தேன். கிழிந்த துணி சுற்றிக்கொண்டு மோட்டார் திணறி நின்றது.

மிச்சச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, மோட்டார் நின்னுபோச்சுன்னு மெசேஜ் வருது. என்னன்னு போய்ப் பாரு."

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. மோட்டார் திணறியது அந்தக் கருவிக்குத் தெரிந்திருக்கிறது. நான் அங்கே இருந்தது தெரியவில்லை!

"மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல. ஒங்க பொண்டாட்டிதான் சாகப் பாத்தா" என்றேன்.

கருவியைக் கழற்றச் சொல்லவில்லை. மழை வந்தால் மோட்டாரை நிறுத்தத் தோட்டத்துக்கு ஓடும் வேலை மிச்சம்தான். ஆனால் இப்போது பட்டனைத் தொடுவதற்கு முன்னால் அவர் என்னைப் போனில் கூப்பிட்டு, "மோட்டார் போடுதேன்!" என்று கத்த வேண்டும். பஸ்ஸில் இருந்தாலும் கத்துகிறார். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்களாம்.

பார்க்கட்டும்.